பூக்கொல்லையில் வெறுங்கால்

எங்கள் பூக்கொல்லைக்குள் யாரும் செருப்போடு இறங்கக் கூடாது. பூ சாமிக்குப் போகிறது என்பது காரணம். கீரமங்கலம் பூக்கடைகளில் எங்கள் முல்லைக்குச் சுத்தமான பூ என்று ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயருக்காகவே நான் விதியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். பூப்பறிப்பது என் மனைவியும் கூலிக்கு வரும் பெண்களும். நான் வரப்பில் செருப்போடு நின்று பார்ப்பவன்.

போன மழைக்குப் பிறகு மனைவிக்கு உடம்பு ஓய்ந்துபோயிற்று. பாதிக் கூடை நிரம்புவதற்குள் மூச்சு வாங்கும். அடுப்படியில் நின்றபடி பச்சரிசியை மென்றுகொண்டே இருப்பாள்.

"அரிசி தின்னா கல்யாணத்தன்னைக்கு மழை பேயும்பாங்க. ஒனக்குத்தான் எப்பவோ ஆயிருச்சே, இனி யாரு கல்யாணத்துக்கு மழை?" என்றேன்.

"ஒங்க ரெண்டாங் கல்யாணத்துக்கு," என்றாள்.

பச்சரிசி மேல் வரும் ஆசை ரத்தசோகையின் அடையாளம் என்று அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. ஒருநாள் கொல்லையிலேயே மயங்கி உட்கார்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் ரத்தமும் மலமும் சோதித்தார்கள்.

"குடல்ல கொக்கிப்புழு சார். ரத்தத்தை அதுதான் குடிக்குது," என்றார் டாக்டரம்மா. "அம்மா வெறுங்கால்லயா நடக்குறாங்க? அங்கிட்டு யாரும் வெளிக்குப் போவாங்களா?"

நான் உயிரியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். மனிதக் கழிவிலிருந்து ஈர மண்ணுக்கும், மண்ணிலிருந்து பாதத்தோலைத் துளைத்து உடம்புக்கும் அந்தப் புழு போகும் வழியைக் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு வரைந்தவன். கூலிக்கு வரும் பெண்கள் வேலி ஓரம் ஒதுங்குவது எனக்குத் தெரியும். வீட்டுக்குப் பின்னால் கழிப்பறை இருக்கிறது. அவர்களுக்குத் திறந்துவிடச் சொல்லி மனைவி பலமுறை கேட்டாள். அசிங்கமாகிவிடும் என்று மறுத்தவன் நான்.

"தெரியலைங்க," என்றேன் டாக்டரம்மாவிடம். மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

மாத்திரைகள் தந்தார்கள். மண்ணைச் சரிசெய்யாவிட்டால் புழு திரும்ப வரும் என்றும் சொன்னார்கள். மறுநாள் கழிப்பறையைத் திறந்துவிட்டேன். எல்லோருக்கும் செருப்பு வாங்கி வரப்பில் வைத்தேன். ஒருத்தியும் தொடவில்லை.

"சாமி குத்தம் ஆயிராதா சாரு?" என்றாள் மூத்தவள்.

வரப்பில் உட்கார்ந்திருந்த என் மனைவி சொன்னாள்: "சாமி குத்தமெல்லாம் இல்லடி. சாரு குத்தம்."

அவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. தனக்கு வந்திருப்பது என்ன, எப்படி வந்தது என்று அவளே எல்லாம் சொன்னாள். சிரிப்பு அடங்கியது.

"அப்ப எங்களுக்கும் இருக்குமா சாரு?"

"இருக்கும்," என்றேன். அந்த ஒரு சொல்லைச் சொல்வதற்குள் களைத்துவிட்டேன்.

"நாளைக்குப் பூப்பறிக்க வேணாம். எல்லாரும் ஆஸ்பத்திரிக்குப் போவோம்," என்றாள் மனைவி. என்னைக் கேட்கவில்லை.

மறுநாள் அவர்கள் எல்லோரும் ஆட்டோவில் நெருக்கியடித்து ஏறினார்கள். எனக்கு இடமில்லை. நான் பின்னால் பஸ்ஸில் போனேன். மொட்டாகப் பறிக்க வேண்டிய முல்லை செடியிலேயே விரிந்து கிடந்தது. மனைவிக்கு ரத்தம் ஊற மாதக்கணக்காகும் என்கிறார்கள். இன்னும் வாசற்படி ஏறினால் நின்று மூச்சு வாங்கிவிட்டுத்தான் உள்ளே வருகிறாள்.