நாலாம் நாள் விழுங்கிய மிடறு

பிள்ளைகளே, அக்கா பள்ளிப்படிப்பு முடித்ததற்கு வைத்த வெள்ளைத் தொப்பி விருந்தில் எல்லாரும் கிளாஸைத் தூக்கியபோது நான் எழும்பிக் குசினிக்குள் போய்விட்டேன். "அப்பா ஒருநாளும் குடிச்சதில்லை" என்று தம்பி டேனிஷில் சொல்லிச் சமாளித்தது கேட்டது. ஒருதரம் குடித்திருக்கிறேன். வாயால் சொல்லத் தொடங்கினால் பாதியில் நின்றுவிடும். அதனால் எழுதுகிறேன்.

வன்னியில் போர் முடிந்த மே மாதம் அது. உங்கள் மாமி, எனக்கிருந்த ஒரே தங்கச்சி, முள்ளிவாய்க்காலில் அகப்பட்டிருந்தா. சித்திரையில் யாரோ ஒருவரின் செய்மதித் தொலைபேசியில் இரண்டு நிமிடம் கதைத்தா. "அண்ணை, போனைக் கையிலயே வைச்சிருங்கோ, திரும்ப எடுப்பன்" என்றா. நாங்கள் எடுக்க வழியில்லை. அவதான் எடுக்கவேணும். மே நடுப்பகுதியாகியும் அழைப்பு வராமல் போகவே, அவவின் குரல் கேட்கும்வரை தண்ணீர் தவிர எதுவும் தொண்டையில் இறங்காது என்று பிள்ளையாருக்கு நேர்ந்துகொண்டேன். உங்கள் அம்மாவுக்குச் சொல்லவில்லை.

அப்போது இங்கே டென்மார்க்கில், ரண்டர்ஸ் நகரத்து ஹோட்டல் ஒன்றில் பரிமாறும் வேலை எனக்கு. அங்கே கோப்பை கழுவிய மட்டக்களப்பு அண்ணையிடம்தான் அம்மா கட்டித்தந்த சாப்பாட்டைக் கொடுத்துவந்தேன். நாலாம் நாள் மத்தியானம் அவர் பெட்டியைத் திறந்து, "தம்பி, உன்ர மனிசி எனக்கெண்டுதான் புட்டு அவிக்கிறா போல. வீட்டில சண்டையோ?" என்றார். நான் சிரித்து வைத்தேன்.

அன்று பின்னேரம் ஒரு கல்யாண விருந்து. பெண் இங்கிலாந்துக்காரி. அவர்கள் நாட்டு நுரைவைன் பெட்டி பெட்டியாக வந்திருந்தது. ருசி தெரியாமல் ஒருவரும் ஊற்றக்கூடாது என்பது எங்கள் மேலாளரின் சட்டம். போன்களை ஒரு கூடையில் போடச் சொன்னா. என் போனைச் சப்பாத்துக்குள், காலுறையோடு சேர்த்துச் செருகியிருந்தேன்.

"இங்கிலாந்தில திராட்சையும் காய்க்குமோ? மழைதானே காய்க்கும்" என்று அண்ணை என் காதுக்குள் சொன்னார்.

மேலாளர் ஊற்றிக் காட்டினா. கிளாஸின் அடியிலிருந்து குமிழிகள் நூல்பிடித்தாற்போல் ஏறின. முதலில் மணந்து பாருங்கள், பிறகு வாயில் சுழற்றுங்கள், வேலைநேரம் என்பதால் விழுங்காமல் வாளியில் துப்புங்கள் என்றா. துப்பினால் விரதம் முறியாது என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன்.

முதல் வைன் பச்சை அப்பிள் மாதிரிப் புளித்தது. பல்முரசு கூசியது. சுண்ணாம்புக்கல் மண்ணில் விளைந்த திராட்சை, அதுதான் இந்தக் கூர்மை என்றா. துப்பினேன். இரண்டாவது, போத்தலுக்குள் ஈஸ்டோடு கனகாலம் கிடந்ததாம். மூக்கடியில் பிடித்தேன். பாண். வாட்டி, பட்டர் பூசின பாண்.

"என்ன மணக்குது?" என்று கேட்டா. மற்றவர்கள் அப்பிள், எலுமிச்சை என்றார்கள். நான் "வாட்டின பாண்" என்றேன். அவவின் முகம் மலர்ந்தது. "இவருக்குத்தான் மூக்கு இருக்குது" என்று எல்லாரிடமும் சொன்னா. பசிக்கிறவனுக்கு எதிலும் பாண்தான் மணக்கும் என்று அவவுக்கு எப்படிச் சொல்வது?

வாயில் எடுத்தேன். நுரை கரைந்து, பாணின் ருசி நாக்கின் அடிவரைக்கும் போனது. வாளி என் பக்கம் வந்தது. குனிந்தேன். துப்ப ஒன்றும் இல்லை. தொண்டை என்னைக் கேட்காமலே விழுங்கியிருந்தது.

அரைமணித்தியாலம் போயிருக்காது, காலுக்குள் போன் அதிர்ந்தது. களஞ்சிய அறைக்கு ஓடினேன். மாமியில்லை. டோஸ்ட்ருப்பில் இருந்து உங்கள் சித்தப்பா.

"அண்ணை, எல்லாம் முடிஞ்சுதாம்."

"தங்கச்சி?"

"ஒண்டும் தெரியேல்லை அண்ணை. ஒருத்தருக்கும் ஒண்டும் தெரியேல்லை."

ஒரு மிடறுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்பீர்கள். ஒன்றுமில்லை என்று எனக்கும் தெரியும். முகாம் பட்டியல்கள், செஞ்சிலுவைக் கடிதங்கள் எல்லாவற்றிலும் அவவின் பெயரைத் தேடிய வருசங்களில் அந்தப் பாண் மணம் மட்டும் மூக்கை விட்டுப் போகவில்லை.

அன்று, அந்தப் போன் வந்தபிறகு, எல்லாரும் மேசை விரிக்கப் போனபின் ஹோட்டல் குசினியில் தனியே நின்றேன். நான் குடித்த கிளாஸைக் கழுவி, குழாய்த் தண்ணீர் நிறைத்து, ஒரு வாய் எடுத்தேன். காட்டித்தந்தபடி நாக்கைச் சுற்றிச் சுழற்றி, வாளிக்குள் துப்பினேன். போனைத் திரும்பக் காலுறைக்குள் செருகிவிட்டு, பிள்ளையாருக்கு வைத்த நேர்த்தியை முதலாம் நாளிலிருந்து தொடங்கினேன்.