நோஞ்சானை வளர்ப்பவள்

மர ஆராய்ச்சி நிலையத்தில் அவளுக்கு வேலை, ஒரு பூஞ்சையை நோயாளியாகவே வைத்திருப்பது. இப்படியும் ஒரு பிழைப்பு! செஸ்ட்நட் மரத்தின் பட்டையைத் தின்று மரத்தையே சாய்க்கிற பூஞ்சை அது. அதற்குள் ஒரு வைரஸ் புகுந்துவிட்டால் போதும், கொட்டம் அடங்கி, வெளுத்துச் சோர்ந்து கிடக்கும். அந்தச் சோணங்கியைத்தான் அவள் கண்ணாடித் தட்டில் வளர்த்து, கூழாக்கி, நோய்கண்ட மரங்களுக்குப் போடுவாள்.

வீட்டிலும் ஒரு நோஞ்சான் உண்டு. அவளேதான். கல்யாணமாகி வந்த அன்றே மாமியார் வைத்த பெயர், இன்றுவரை மாற்றவில்லை. அவளுக்குச் சுருக்கென்றுதான் இருக்கும். வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள்.

மாமியாரின் உயிரே வீட்டுக்குப் பின்னால் நின்ற செஸ்ட்நட் மரத்தில்தான். மகன் பிறந்த வருஷம் நட்டது. அதன் அடிமரத்தில் புண் கண்டது. மரம் வெட்டுபவர் வந்து பார்த்து, "வெட்டிடலாம்மா, இது தேறாது" என்றார். மாமியாருக்குச் சோறு இறங்கவில்லை.

"ஒரு வருஷம் பொறுங்க அத்தை, நான் பாக்குறேன்" என்றாள் மருமகள்.

மருந்தைக் கண்ணால் பார்த்தாக வேண்டும் என்று மாமியார் நிலையத்துக்கே வந்துவிட்டார். மேசையில் இரண்டு தட்டுகள். ஒன்றில் பூஞ்சை ஆரஞ்சு நிறத்தில் தளதளவென்று இருந்தது. மற்றதில் வெள்ளையாக, ஏனோதானோவென்று.

"இதப் போடு" என்று ஆரஞ்சைக் காட்டினார்.

"ஐயோ அத்தை, அதுதான் உங்க மரத்துக்கு எமன். அங்கேர்ந்துதான் சுரண்டி எடுத்தேன். வெள்ளைதான் மருந்து."

"இதுவா? ஊதினா பறந்துரும் போல இருக்கு. என் மரத்துக்குன்னா மட்டும் கழிச்சதா?"

"ரெண்டும் ஒரே வகை அத்தை. பூஞ்சை நூல் நூலாத்தான் வளரும். பக்கத்துல வச்சா நூலோட நூல் ஒட்டிக்கும். இதுல இருக்கற வைரஸ் அதுக்குள்ள போயிரும். அப்புறம் அதுவும் சுருண்டு படுத்துரும். மரம் தன் புண்ணத் தானே ஆத்திக்கும்."

"நோய்க்கே நோயா!" மாமியார் வாயைப் பிளந்தார். நம்பினாரா என்றால், அரை மனசுதான்.

புண்ணைச் சுற்றிச் சின்னச் சின்ன ஓட்டை போட்டு, கூழை அடைத்தாள். எல்லா மரத்திலும் இது பலிப்பதில்லை என்று அவளுக்குத் தெரியும். மரம் போனால் ஆயுசுக்கும் பேச்சு கேட்க வேண்டும். மாமியாரோ தினமும் காலையில் மரத்தடிக்குப் போய், நாடி பார்க்கிற மாதிரி பட்டையைத் தொட்டுவிட்டு உதட்டைப் பிதுக்குவார்.

அடுத்த வருஷம் மரம் வெட்டுபவர் மறுபடியும் வந்தார். புண்ணைச் சுற்றிப் பட்டை தடித்து எழும்பியிருந்தது. மேலே கிளைகொள்ளாமல் இலை. கோடாலியைக் கீழே வைத்துவிட்டு, "எந்த டாக்டரக் கூட்டிட்டு வந்தீங்க?" என்றார்.

"டாக்டர் எதுக்கு? எங்க வீட்டு நோஞ்சான் பண்ணுன வேலை" என்றார் மாமியார், தெருவுக்கே கேட்கும்படி.

சமையலறை ஜன்னலில் நின்ற மருமகளுக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்தது. இன்னொரு தரம் அப்படிச் சொல்லமாட்டாரா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.