முந்தானையில் முடிந்த நட்டு

ஆறேழு வருடங்களுக்கு முன், எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு மாரி மழைக்காலத்தில் இது நடந்தது. கல்முனையிலிருந்து நற்பிட்டிமுனையைத் தாண்டி மேற்கே வயல்களுக்குப் போகும் வழியில், ஆற்றைக் கடக்கும் தாழ்ந்த தெருவாகக் கிட்டங்கித் தாம்போதி இருக்கிறது. மழை பெருத்தால் ஆற்றுத் தண்ணீர் அந்தத் தெருவுக்கு மேலாலேயே ஓடும். ஒன்றரை வயது மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு அதன் கரையில் நான் நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தை இன்னும் மறக்க முடியவில்லை. மகன் இப்போது மூன்றாம் வகுப்புக்குப் போகிறான். என் கணவரைத் தவிர வேறு ஒருவருக்கும் நான் இதைச் சொன்னதில்லை. எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு மாதம் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

என் கணவருக்கு நீர்ப்பாசனக் கந்தோரில் வேலை. வாய்க்கால், மதகு, கட்டு என்று நாள் முழுக்க வயல் வெளியில் திரிய வேண்டும். துவிச்சக்கர வண்டியில் போய்க் களைத்துப்போனவர், மகன் பிறந்த வருடம் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்குவதென்று முடிவு செய்தார். கல்முனையில் இருந்த கடைக்கு என்னையும் கூட்டிப் போனார்.

கடையில் இரண்டு ஜப்பான் மோட்டார் சைக்கிள்கள் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. ஒன்று பதிவானது, உயரம் குறைந்தது. நீளமான மெத்தை ஆசனம், சேலை சில்லுக்குள் போகாமல் கம்பி வலை, பெண்கள் ஒருபக்கமாக இருந்து கால் வைக்க இடப்பக்கம் ஒரு மிதிபலகை. மற்றது நெடுநெடுவென்று உயர்ந்தது. மட்காட் சில்லுக்கு ஒரு முழம் மேலே நின்றது. டயரில் கட்டி கட்டியாகப் பல் வைத்திருந்தது. புகைக்குழாய்கூட நிலத்தோடு போகாமல் ஆசனத்துக்குப் பக்கத்தால் மேலேறிப் போனது. சேறு, மணல், தண்ணீர் எதற்குள்ளும் இறங்கும் என்று கடைக்காரர் சொன்னார். நான் பதிவான சைக்கிளின் ஆசனத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். அந்தக் கையை அவர் பார்ப்பார் என்று நினைத்தேன்.

"எத எடுப்பம்?" என்று கேட்டார்.

"உங்கட விருப்பம்" என்றேன்.

நல்ல பெண்சாதி அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தேன். அவர் தன் விருப்பப்படி உயர்ந்ததை எடுத்தார்.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வருவார். சாய்ந்தமருதில் நாங்கள் இருந்த வீடு எனக்குத் தந்த வீடு. கட்டில், அலுமாரி எல்லாம் என் பக்கத்தால் வந்தவை. அவருடையது என்று அந்த வளவில் நின்றது அந்த மோட்டார் சைக்கிள் ஒன்றுதான். அது இப்போது புரிகிறது. அப்போது எனக்குப் பொறாமைதான் வந்தது.

அவர் அதைப் பார்த்துக்கொண்ட விதம் அப்படி. கந்தோரால் வந்து தேத்தண்ணீர் குடிக்கும் முன்பே சங்கிலியை மண்ணெண்ணெய் போட்டு, பழைய பல் தூரிகையால் தேய்ப்பார். இரண்டு பக்கமும் தொங்கப் படங்குத் துணியில் பைகள் தைப்பித்தார். ஒன்றில் டியூப், காற்றுப் பம்பு, ஸ்பேனர்கள். மற்றதில் கயிறு, சீலையில் சுற்றிய பிளக், ஸ்டாண்ட் சேற்றுக்குள் புதையாமல் அடியில் வைக்க ஒரு பலகைத் துண்டு. இவ்வளவும் யோசித்த மனிதர் என் கால் வைக்க ஓரிடம் யோசிக்கவில்லை. காலையில் புறப்படும்போது ஒவ்வொரு நட்டையும் ஸ்பேனரால் தட்டிப் பார்ப்பார். நோயாளியின் நாடி பார்ப்பது போல இருக்கும். மகனைச் சுமந்த மாதங்களில் என் கையை அவர் அப்படிப் பிடித்துப் பார்த்தாரா என்று நான் கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒரே ஒரு நாள், "ஏறுங்களன், கடற்கரை வரைக்கும் போய் வருவம்" என்றார்.

"எனக்குப் பயம், நான் ஏறமாட்டன்" என்றேன். இன்னொரு தடவை கேட்டால் ஏறலாம் என்றிருந்தேன். அவர் கேட்கவில்லை.

அந்த மாரியில் ஒரு பின்னேரம் பார்த்தால், அந்தச் சைக்கிளின் இடப்பக்கம் புதிதாக ஒரு மிதிபலகை பூட்டியிருந்தது! இரும்பில் வளைத்து, மேலே டயர் ரப்பர் வெட்டி ஒட்டியிருந்தது. நெஞ்சு நிறைந்துவிட்டது. எனக்காகத்தான் செய்திருக்கிறார், அவரே சொல்லட்டும் என்று காத்திருந்தேன். மூன்று நாள் போனது. சொல்லவில்லை. நாலாம் நாள் அந்த ரப்பரில் சேறு படிந்திருந்தது. சேற்றில் செருப்புத் தடம். சின்னச் செருப்பு.

அடுத்த நாள் அவருடைய மூத்த சகோதரி, என் மதினி, வெற்றிலை போட வந்தா. சுற்றி வளைக்காமல் கேட்டா.

"புள்ள, தம்பிட சைக்கிள்ல ஒரு பொம்புள ஏறிப் போறாவாமே? தாம்போதியடில கண்டவங்க சொல்றாங்க. உனக்குத் தெரியுமா?"

"ஓம் மதினி, தெரியும்" என்றேன். எனக்கு ஒன்றுமே தெரியாது.

"தெரிஞ்சா செரிதான். நீயும் ஒருக்கா ஏறிப் போ. சைக்கிளுக்கும் ஆர் ஊட்டுக்காரி எண்டு தெரியோணுமே" என்று சிரித்துக்கொண்டு போனா.

கேட்டிருக்கலாம். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பார். ஆனால் கேட்டால் சந்தேகப்படுகிறாள் என்று நினைப்பாரோ, கேட்காவிட்டால் இளிச்சவாய் என்று நினைப்பாரோ என்று இரண்டுக்கும் நடுவில் கிடந்து புழுங்கினேன். அன்று பின்னேரம் அவர் அஸர் தொழப் பள்ளிக்குப் போனதும், பையைத் திறந்து ஸ்பேனரை எடுத்தேன். மிதிபலகையைக் கழற்றி நெல்லுச் சாக்குக்குப் பின்னால் ஒளித்துவிடுவது என் திட்டம். அது இரண்டு நட்டில் நின்றது. ஒன்றை நெம்பித் திருகிக் கழற்றி, நட்டையும் வொஷரையும் சேலை முந்தானையில் முடிந்துகொண்டேன். மற்றது லேசில் அசையவில்லை. இரண்டு மூன்று சுற்று இளகிய நேரம் வாசல் படலை திறக்கும் சத்தம் கேட்டது. ஸ்பேனரைப் பைக்குள் போட்டுவிட்டுக் குசினிக்குள் ஓடிவிட்டேன்.

விடிந்ததும் எப்படியாவது பூட்டிவிடலாம் என்றிருந்தேன். விடிய மழை ஊற்றியது. மகன் அழுதான், அவனை மடியில் போட்டுப் பாலூட்டிக்கொண்டிருந்தேன். சுபஹு தொழுத கையோடு அவர் வழமையை விட நேரத்தோடு வெளிக்கிட்டார்; நட்டுத் தட்டும் சத்தம்கூடக் கேட்கவில்லை. எஞ்சின் சத்தம் கேட்டு நான் வாசலுக்கு வந்தபோது தெருமுனை வெறிச்சோடியிருந்தது.

அதன் பிறகுதான் நான் என்ன செய்திருக்கிறேன் என்பது விளங்கியது. அந்தப் பெண் யாராகவும் இருக்கட்டும். ஓடும் தண்ணீருக்கு நடுவில் இளகிய நட்டு கழன்றால் மிதிபலகை விழும், அவள் விழுவாள், அவளோடு சைக்கிளும் இவரும் ஆற்றோடு போவார்கள். முந்தானையில் முடிந்த நட்டு இடுப்பில் குத்திக்கொண்டே இருந்தது.

"புள்ளைக்குச் சளி, கிளினிக்குக்குப் போறன்" என்று எங்களோடு இருந்த என் உம்மாவிடம் பொய் சொல்லிவிட்டு, மகனையும் தூக்கிக்கொண்டு கல்முனைக்கு பஸ் ஏறினேன். துணையில்லாமல் அதற்கு முன் சந்தைக்குக்கூடப் போனதில்லை. கல்முனையிலிருந்து மேற்கே எதுவும் ஓடவில்லை. பசளை மூட்டை ஏற்றிய உழவு மெசின் ஒன்று போனது. முக்காட்டை இழுத்துவிட்டு அதை மறித்தேன். ஓட்டியவர் வயதானவர்.

"எங்க மகள் போறீங்க, இந்த வெள்ளத்துக்குள்ள?"

"தாம்போதியடிக்கு. அவருக்கிட்ட ஒரு சாமான் குடுக்கோணும்."

"அப்படி என்ன அவசரச் சாமான், சோறா?" என்று சிரித்துவிட்டு, மகனை வாங்கிப் பின்பெட்டியில் மூட்டைகளுக்கு நடுவில் இருத்தி, எனக்கும் இடம் காட்டினார். நான் முந்தானை முடிச்சைப் பொத்திப் பிடித்துக்கொண்டு ஏறினேன்.

தாம்போதியில் தண்ணீர் தெருவை மூடி ஓடிக்கொண்டிருந்தது. ஓரத்துக் கட்டைகள் மட்டும் தலை காட்டின. எதிர்க்கரையில் அந்த உயர்ந்த சைக்கிள் தெரிந்தது. பின்னால் ஒரு பெண். நான் கையை ஆட்டினேன், கத்தினேன். மழைச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. சைக்கிள் தண்ணீருக்குள் இறங்கியது.

அந்த மிதிபலகையை மட்டுமே பார்த்துக்கொண்டு நின்றேன். அவளுடைய இரண்டு காலும் அதில்தான் இருந்தன. நடுவில் வரும்போது பலகை தண்ணீருக்குள் மறைந்தது. எஞ்சின் இருமியது. சைக்கிள் ஒருபக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. எத்தனை தரம் கலிமா சொன்னேனோ தெரியாது. மகனை இறுக்கிப் பிடித்ததில் அவன் வீரிட்டு அழுதான். யா அல்லாஹ், அவள் இவரோடு ஆயுள் முழுக்க ஏறிப் போகட்டும், இப்போது மட்டும் விழுத்தாதே என்று கேட்டேன். உண்மையாகவே அப்படித்தான் கேட்டேன்.

கரையேறினார்கள். அவர் என்னைக் கண்டு முகம் வெளிறினார்.

"என்ன? மகனுக்கு ஏதுமா?"

"ஒண்டுமில்ல" என்றேன். கண் மிதிபலகையில்தான் இருந்தது. நட்டில்லாத இடத்தில் கம்பியைப் போட்டு முறுக்கி, மேலால் கயிறும் வரிந்திருந்தது.

அந்தப் பெண் இறங்கினா. மட்டக்களப்பிலிருந்து புதிதாக வந்த மருத்துவமாது. என்னை விட இளையவ. சேலை முழங்கால் வரை நனைந்து, முகம் களைத்துக் கிடந்தது. அழகி என்று சொல்ல முடியாது. அது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. ஆறுதல்பட்டதற்கு உடனே வெட்கமாகவும் இருந்தது. ஆசனத்தில் அவவுக்கும் அவருக்கும் நடுவில் மருந்துப் பை வைத்த ஒரு மரப்பெட்டி கயிற்றால் கட்டியிருந்ததை அப்போதுதான் கண்டேன்.

"அக்கா, அங்கால வயற்கரையில ஒரு பிள்ளப்பேறு. ஆம்பிளப் பிள்ள" என்று சிரித்தா. "இவர்ட சைக்கிள் இல்லாட்டி நான் போயிருக்க ஏலா. ஆனா காலையில என்ன மழைக்குள்ள நிக்க வெச்சிட்டாரக்கா. தண்ணிக்குள்ள இறங்க முன்னம் ஒவ்வொரு நட்டாத் தட்டிப் பாக்காம எடுக்கமாட்டாராம்."

"தட்டினதாலதானே கண்டன்" என்றார் அவர். "ஒண்டக் காணல்ல, மத்தது இளகிக் கிடந்திச்சு. கிறவல் ரோட்டு ஆட்டம் போல."

நான் எந்தப் பழக்கத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்டேனோ, அந்தப் பழக்கம்தான் அன்று அவர்களையும் என்னையும் காப்பாற்றியிருந்தது.

வெள்ளத்தைக் கண்டு கல்முனைக்கே திரும்பிய உழவு மெசினில், பெட்டியோடு மருத்துவமாது ஏறிப் போய்விட்டா. அவர் சைக்கிளை நிமிர்த்தினார். "ஏறுங்க, ஊட்ட போவம்."

"பொறுங்க" என்றேன். முந்தானை முடிச்சு நனைந்து இறுகிப்போயிருந்தது, பல்லால் இழுத்து அவிழ்த்தேன். நட்டையும் வொஷரையும் அவர் உள்ளங்கையில் வைத்தேன். அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

ஏசுவார் என்று நினைத்தேன். அவர் குனிந்தார். பையிலிருந்து ஸ்பேனரை எடுத்து, கம்பியை அவிழ்த்து, நான் கொண்டுபோன நட்டையே பூட்டி இறுக்கினார். பிறகு நிமிராமலே, "அந்த மருத்துவமாதுப் புள்ள ரெண்டு தரம் வழுக்கி விழுந்திச்சு. அதாலதான் பலகை அடிச்சன்" என்றார். "உங்களுக்கு எண்டு அடிக்கல்ல. நீங்க ஏறமாட்டன் எண்டீங்க."

"ஓம்" என்றேன். எனக்காகத்தான் செய்தேன் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாமே என்று அந்த நேரத்திலும் மனம் ஏங்கியது.

"கடையில எது வேணும் எண்டு கேட்டன். உங்கட விருப்பம் எண்டீங்க. இனி வேணும் எண்டா வாயால சொல்லுங்க. ஸ்பேனரால சொல்லாதீங்க."

எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. மகனை மடியில் வைத்து, நானே நட்டுக் கழற்றிய அந்தப் பலகையில் இரண்டு காலையும் ஊன்றி, முதல் தடவையாக அந்தச் சைக்கிளில் ஏறினேன். ஆசனம் கடினமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. "மெதுவாப் போங்க" என்றேன். மெதுவாகப் போனார்.

அந்தச் சைக்கிள் இன்னும் எங்கள் வளவில் நிற்கிறது. இன்னும் அவர் தேத்தண்ணீருக்கு முன் அதைத்தான் துடைக்கிறார். எனக்கும் இன்னும் சில நாள் எரிச்சல் வரத்தான் செய்கிறது, வந்தால் இப்போது வாயைத் திறந்து சொல்லிவிடுகிறேன். ஆனாலும் எதையாவது கேட்டால் "உங்கட விருப்பம்" என்றுதான் பழக்கத்தில் முதலில் வாய்க்கு வருகிறது. அப்போதெல்லாம் என் கை தானாகவே முந்தானை நுனியைத் தடவிப் பார்க்கிறது, சொல்லாமல் முடிந்துவைத்தது ஏதும் அதற்குள் கிடக்கிறதா என்று.