ஒரு தறிக்கு ஒரு ஆள்

சசிகலா களம்பூர்ப் பெண். நெல்லு மிஷின் சத்தத்தில் வளர்ந்தவளை ஆரணியில் கட்டிக்கொடுத்தார்கள். வந்த வருஷமே கணவன் இளவரசனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பாவுக்குள் ஊடை நூலை ஓட்டும் நாடாவைத் தள்ளக் கற்றுக்கொண்டாள். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று வரும் பட்டுப்புடவைக்கு இரண்டு பேர் வேண்டும். கரைப் பக்கம் அவளுடையது. ஆனால் யாராவது கேட்டால், "ஊட்ல சும்மாத்தாங்க இருக்கேன்" என்பாள். அந்தத் தெருப் பெண்கள் எல்லாருக்கும் அதே பதில்தான். புருஷன் தறியில் தானும் நெய்வதாகச் சொல்லிக்கொள்வது வாய்க்கொழுப்பாம். என்ன மரியாதையோ, போங்கள்.

இப்படியிருக்க, அரசாங்கம் ஒரு கம்பெனியை வைத்து வட்டாரம் முழுமைக்கும் வளர்ச்சித் திட்டம் தீட்டியது. வழவழப்பான தாளில் படம் போட்ட புத்தகம். வீட்டுத் தறிகளை ஊருக்கு வெளியே ஒரே கொட்டகைக்குக் கொண்டுபோனால் தொழில் பெருகிவிடும் என்று அதில் இருந்தது. அங்கே இடம் வேண்டுமானால் வீட்டுத் தறியைப் பிரித்து, நெசவாளி காலைத் தொங்கவிடும் தறிக்குழியையும் மூடிவிட வேண்டும். இளவரசனுக்குத் தலைகால் புரியவில்லை. தறியைப் பிரித்துவிட்டான். குழியை மூட மறுநாள் கொத்தனாருக்கும் சொல்லிவிட்டான்.

அன்றைக்குக் கொட்டகையைப் பார்க்க இருவரும் போனார்கள். வாசலில் காவலாளி சசிகலாவை நிறுத்தினார்.

"ஒரு தறிக்கு ஒரு ஆளுதாம்மா. அவரு உள்ள போயிட்டாரு."

திட்டத்துக்காக முன்பு வீடுவீடாகக் கணக்கெடுக்க வந்த பானுப்ரியா அங்கேதான் இருந்தாள். நல்ல பெண். தன்னை ஏன் விடவில்லை என்று சசிகலா அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்கதானக்கா சும்மா இருக்கேன்னு சொன்னீங்க? தெருவே அப்படித்தான் சொல்லிச்சு. அத வச்சுத்தான் இடமும் பாஸும் போட்டாங்க."

"நீ வந்தப்போ நாடா தள்ளிகினு இருந்தனே, பாக்கலியா?"

"பாத்தேங்க்கா. சொன்னதத்தான் எழுதணும்னாங்க. இனிமே மாத்தணும்னா அடுத்த திட்டம்தான்."

சசிகலா மனசுக்குள் கணக்குப் போட்டாள். ஒண்டியாக இளவரசன் ஒரே நிறத்து வெறும் புடவைதான் நெய்ய முடியும். அதற்கா பட்டும் கூலியும் கொடுக்கும் முதலாளி இவர்களைத் தேடி வருகிறார்? குழியும் போய்விட்டால் வீட்டிலும் தறி போட முடியாது. பஸ்ஸைப் பிடித்து வந்த வேகத்தில் பக்கத்து வீட்டு ராஜம்மாளிடம் ஓடினாள்.

"நாமளும் நெய்றோம்னு எல்லாருமா போய்ச் சொல்லலாம், வாக்கா."

ராஜம்மாள் சிரித்தாள். "எங்க ஊட்டுக்காரரு எதிர்ல நானும் நெய்றேன்னு சொல்லச் சொல்றியா? நல்லா சொன்ன போ. அதெல்லாம் கெவுர்மெண்டு பாத்துக்கும்."

இளவரசனும் அதையேதான் சொன்னான்.

காலையில் கொத்தனார் குப்புராஜ் மண்ணோடு வந்து நின்றார். "ஜல்தியா கொட்டுப்பா" என்றான் இளவரசன். சசிகலா விறுவிறுவென்று போய்க் குழியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தாள்.

"ஏந்திரிடி. பேஜார் பண்ணாத."

"கரைய யாரு போடுவா? சொல்லிட்டுக் கொட்டச் சொல்லு."

"அங்க போய் பாத்துக்கலாம்."

"இத்தினி வருசமா நானும்தான் நெய்றேன்." வெளியாள் எதிரில் அதைச் சொன்னபோது அவளுக்குக் காதெல்லாம் சுட்டது. வெட்கமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது.

இளவரசனுக்கு முகம் செத்துவிட்டது. கொத்தனாரைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். குழியை மூடாவிட்டால் கொட்டகை இடம் இன்றைக்கே வேறு ஆளுக்குப் போய்விடும் என்பது இருவருக்கும் தெரியும்.

"கொட்டாதப்பா" என்றான் கடைசியில். "அவ இல்லாம என்னால ஆவாது."

பிரித்த தறியை இளவரசன் அன்றைக்கே திரும்பப் பூட்டினான். கூலியை விட மனமில்லாத குப்புராஜ், ராஜம்மாள் வீட்டுக் குழியை மூடும் வேலையை முன்னதாகவே முடித்துக்கொடுத்தார். இரண்டு நாள் கழித்து, கரை போட ஆளில்லாமல் வேலை கிடைக்காத தன் புருஷன் கொட்டகையிலிருந்து வெறுங்கையோடு திரும்பியதும் ராஜம்மாள் வந்தாள். சசிகலா கரை நாடாவைப் பிடித்து உட்கார்ந்திருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உனக்கு வேல கீது. நான் இன்னாடி பண்றது, சொல்லு."