காக்கையிடமிருந்து காப்பாற்றிய குஞ்சு

எனக்கு வாய் அதிகம். இருபத்திரண்டு வருஷம் வகுப்பில் கத்திக் கத்தி, வீட்டிலும் அதே சத்தத்தில்தான் பேசுகிறேன் என்று என் கணவர் சொல்வார். நான் அறிவியல் டீச்சர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் வெட்கக்கேட்டில் பாதி அதில்தான் இருக்கிறது.

கோடை விடுமுறை முடிய இன்னும் பத்து நாள் இருந்தது. காலையில் பால் பாக்கெட் வாங்கிக்கொண்டு கோச்சடையில் எங்கள் தெருவுக்குள் திரும்பினேன். முனை வேப்பமரத்தடியில் ஒரு குஞ்சு உட்கார்ந்திருந்தது. கறுப்பு உடம்பு, மேலெல்லாம் மங்கலான வெள்ளைப் புள்ளி, குட்டை வால். தரையில் உட்கார்ந்து வாயைப் பிளந்து கத்திக்கொண்டிருந்தது. ஒரு காக்கை அதன் வாய்க்குள் அலகை விட்டுக் குத்தியது. அடப்பாவி, குரல்வளையைக் கிழிக்கிறதே என்று நினைத்தேன். செருப்பைக் கழற்றி எறிந்தேன். காக்கை எழும்பி என் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனது. குஞ்சை முந்தானையில் சுற்றிக்கொண்டு ஓடி வந்தேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக போட்டோ எடுத்தேன். பால் பாக்கெட் சோபாவில் கிடந்தது. "காக்கைக் கூட்டத்தின் நடுவில் இருந்து காப்பாற்றிய உயிர்" என்று எழுதி ஸ்டேட்டஸில் போட்டேன். ஒரு காக்கைதான் இருந்தது. கூட்டம் என்று எழுதினால் நன்றாக இருக்கும் என்று பட்டது. கொஞ்ச நேரத்தில் தலைமையாசிரியையிடமிருந்து கைகூப்பு வந்தது, தெருப் பெண்கள் குழுவில் இதயமாகக் கொட்டியது. ஒருத்தி "அக்கா, உங்களுக்குத் தங்கமான மனசு" என்று எழுதியிருந்தாள். அதை என் கணவரிடம் வாசித்துக்கூடக் காட்டினேன்.

"தங்க மனசுக்காரம்மா, இன்னைக்கிக் காபி உண்டா இல்லையா?" என்றார் அவர்.

துணிக்கூடையைக் கவிழ்த்து, அதற்குள் குஞ்சை விட்டு, போர்ட்டிகோவில் வைத்தேன். மை ஊற்றுகிற பில்லரில் பால் கொடுத்தேன். பறவைக்குப் பால் ஆகாது என்று பிறகுதான் போனில் பார்த்தேன். அவித்த முட்டை, வாழைப்பழம் என்று மாற்றினேன். வாயைத் திறந்து வாங்கிக்கொண்டது. உள்ளே அப்படி ஒரு சிவப்பு. என் விரலைக் கண்டதும் அது வாயைத் திறந்தபோது நெஞ்சு நிறைந்துபோயிற்று என்பதையும் சொல்லத்தான் வேண்டும். எங்கள் மகன் வேலைக்கென்று வெளியூர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. போனில் ஐந்து நிமிஷத்துக்கு மேல் பேசமாட்டான்.

மறுநாள் சோறு வடித்ததும் வழக்கம்போல முதல் பிடியை மதில்மேல் காக்கைக்கு வைத்தேன். என் மாமனார் போனதிலிருந்து ஒரு நாளும் தவறியதில்லை. காக்கை வந்தது. சோற்றைக் கொத்தியது, ஆனால் விழுங்கவில்லை. வாயில் அடக்கிக்கொண்டு கீழே குதித்து, நடந்து கூடையண்டை வந்தது. உள்ளே இருந்த குஞ்சு தலைகால் புரியாமல் கத்தியது. காக்கை கூடை ஓட்டை வழியாக அலகை விட்டது.

ஒட்டடைக்குச்சியை எடுத்துக்கொண்டு ஓடினேன். "சூ! மறுபடியும் வந்துட்டியா சனியனே!"

என் கையால் வைத்த சோறு அது. மாமனாருக்கென்று கும்பிட்டு வைத்த சோற்றை வாங்கிக்கொண்டு வந்ததைத்தான் சனியன் என்று விரட்டினேன். அன்று அது நாலைந்து தடவை வந்தது. ஒரு தடவை எங்கிருந்தோ புரோட்டாத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து கூடைப் பக்கத்தில் போட்டுவிட்டுப் பறந்தது. கொல்ல வருகிறவன் சாப்பாடு கட்டிக்கொண்டு வருவானா? ஒரு ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு உறைத்திருக்கும்.

அந்த நேரத்தில்தான் கீரைக்காரம்மா வந்தாள். சோழவந்தான் பக்கத்திலிருந்து காலை பஸ்ஸில் கூடையோடு வருவாள், என் வயதை ஒத்தவள். வாசலில் எதிர்வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் குஞ்சைப் பார்க்க வந்து நின்றிருந்தார்கள். நான் மீட்ட கதையை மூன்றாவது முறையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். கையில் ஒட்டடைக்குச்சி.

கீரைக்காரம்மா குனிந்து கூடைக்குள் பார்த்தாள். மதில்மேல் உட்கார்ந்திருந்த காக்கையையும் பார்த்தாள்.

"ஏன் டீச்சர், இது குயில் குஞ்சுல்ல? அந்தக் காக்காதேன் வளத்திருக்கும். இரை குடுக்க வருது, அதைப் போயி வெரட்டுறீகளே. வெளியில விட்டுருங்க, அதுவே பாத்துக்கிரும்."

அவள் சொல்லி முடிக்கும் முன்பே எனக்குச் சுருக்கென்றது. குயில் எந்தப் பறவையின் கூட்டில் முட்டையிடும்? பள்ளிக்கூட விநாடி வினாவுக்கு வருஷா வருஷம் நானே எழுதிக் கொடுக்கிற கேள்வி. விடை தெரியாத பிள்ளையை முறைத்திருக்கிறேன். ஆனால் எதிர்வீட்டுப் பெண்கள் இரண்டு பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ஏம்மா," என்றேன், வகுப்புக் குரலில். "இருபத்திரண்டு வருஷமா அறிவியல் நடத்துறேன். எனக்கு நீ பாடம் எடுக்கிறியா? கீரையைக் குடுத்தமா, போனமான்னு இரு."

ஒருத்தி சிரித்துவிட்டாள். கீரைக்காரம்மாவும் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "நா என்னத்தைக் கண்டேன் டீச்சர். மனசுல பட்டுச்சு, சொன்னேன். வாரேன்" என்று கூடையைத் தலைக்கு ஏற்றினாள். வழக்கமாக ஏற்றிவிட ஒரு கை கொடுப்பேன். அன்று கொடுக்கவில்லை.

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு போனில் தேடினேன். இளம் குயிலின் படம். அதே புள்ளி, அதே குட்டை வால், அதே சிவப்பு வாய். கூட்டை விட்டு இறங்கிய பிறகும் கொஞ்ச நாள் காக்கைதான் ஊட்டும் என்று கீழே போட்டிருந்தது. அந்த நிமிஷமே போய்க் கூடையைத் தூக்கியிருக்க வேண்டும். கூடையைத் தூக்க எவ்வளவு நேரம் ஆகும்?

தூக்கவில்லை. தெருவில் ஆள் போகட்டும் என்றேன். பிறகு வெயில் தாழட்டும் என்றேன். சாயங்காலம், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். நேற்று காப்பாற்றினேன் என்று ஊருக்கே சொல்லிவிட்டு, இன்று கீரைக்காரி சொன்னாள் என்று திருப்பி விடுவதா? இதுதான் காரணம். வேறு எதுவும் இல்லை. காக்கை மதிலில் இருந்து கரைந்துகொண்டே இருந்தது. அந்தச் சத்தம் தாங்காமல் கூடையை வீட்டுக்குள் கொண்டுவந்து ஜன்னலைச் சாத்தினேன்.

மூன்றாம் நாள் குஞ்சுக்கு வயிற்றால் போயிற்று. முட்டையை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. காக்கை ஜன்னல் கம்பியில் உட்கார்ந்து உச்சிவேளை வரை கத்தியது. குஞ்சு பதிலுக்குக் கத்தியது. நடுவில் நான் குக்கர் வைத்தேன், துணி மடித்தேன்.

"வெளியதான் விட்டுடேன்" என்றார் என் கணவர்.

"உங்களுக்கு என்ன தெரியும்? சும்மா இருங்க" என்று பாய்ந்தேன். எனக்குத் தெரிந்திருந்தது என்பதுதான் விஷயம்.

நாலாம் நாள் காலையில் சத்தமே இல்லை. ஜன்னலைத் திறந்து பார்த்தேன். கம்பியில் யாரும் இல்லை, மதிலில் நேற்று வைத்த சோறு எறும்பு மொய்த்துக் கிடந்தது. அப்போதுதான் எனக்கு உயிர் போகிற பயம் வந்தது. குஞ்சை எடுத்துக்கொண்டு நைட்டியோடு வேப்பமரத்துக்கு ஓடினேன். யார் பார்க்கிறார்கள் என்ற எண்ணம் அப்போது வரவில்லை. அந்த எண்ணம் இரண்டு நாள் முன்னாலும் வராமல் இருந்திருக்கலாம். தாழ்ந்த கிளையில் உட்கார வைத்துவிட்டு எதிர்த் திண்டில் உட்கார்ந்தேன்.

குஞ்சு வாயைப் பிளந்து கத்தியது. காக்கைகள் அந்தப் பக்கம் பறந்துதான் போயின. ஒன்றுகூட இறங்கவில்லை. என்னைப் பார்த்துப் பயமோ என்று வீட்டுக்குள் போய் மறைந்து நின்றும் பார்த்தேன். "வா, வந்துரு தாயி" என்று கதவுக்குப் பின்னால் நின்று கெஞ்சினேன். சனியன் என்று சொன்ன அதே வாய். மதியத்துக்குள் குஞ்சின் குரல் கம்மிவிட்டது. நாலு மணி வாக்கில் கிளையிலிருந்து நழுவி விழுந்தது. நான் கையில் எடுத்தபோது ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தது. கொடுப்பதற்கு என்னிடம் எதுவும் இல்லை.

கறிவேப்பிலைச் செடியோரம் என் கணவர் குழி தோண்டினார். மண்ணைத் தள்ளி மூடிவிட்டுக் கை கழுவப் போனார். திட்டியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். குழுவில் "குஞ்சு எப்படி இருக்கு அக்கா?" என்று கேட்டிருந்தார்கள். "நல்லபடியாகப் பறந்துவிட்டது" என்று வாய் கூசாமல் எழுதினேன். மறுபடியும் இதயமாகக் கொட்டியது.

இரண்டு நாள் கழித்துக் கீரைக்காரம்மா வந்தாள். போர்ட்டிகோவைப் பார்த்தாள். கூடை துணியோடு அதன் இடத்துக்குப் போயிருந்தது.

"குஞ்சு என்னாச்சு டீச்சர்?"

இவளிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். சொல்ல வேண்டிய வார்த்தையைக்கூட யோசித்து வைத்திருந்தேன். நீ சொன்னதுதான் சரி, நான்தான் கேக்கல. அவ்வளவுதான்.

"பறந்துருச்சு" என்றேன்.

அவள் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "ஆத்தாடி, நல்லதாப் போச்சு! வீட்டுக்குப் போயும் அதே நெனப்பு டீச்சர். படிச்சவுகளுக்குத் தெரியாததா, நாமதேன் அதிகப்பிரசங்கித்தனமா வாயைக் குடுத்துட்டோம்னு சங்கடமாப் போச்சு. மனசுல வச்சுக்கிராதீக." கூடையிலிருந்து சிறுகீரைக் கட்டு ஒன்றை எடுத்து என் கையில் வைத்தாள். "இதுக்குக் காசு வேணாம். குஞ்சு பொழச்சதுக்கு."

கீரையை வாங்கிக்கொண்டேன். அவள் பதிலுக்காக நின்றாள்.

"பரவால்ல விடு" என்றேன்.