எட்டாவது குட்டியின் வயிறு

ஜவ்வாது மலை அடிவாரத்தில், ஆலங்காயம் பக்கம் இருக்கிற எங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் நடந்தது இது. பிறந்து மூன்றே நாளான எட்டு எலிக்குட்டிகளுக்கு ஆபரேஷன் முடிந்திருந்தது. வலி மருந்து ஊசி போடுவது என் வேலை. நேரம் மிச்சமாகும் என்று பதிவுத்தாளில் எட்டுக்கும் முதலிலேயே டிக் அடித்துவிட்டுத்தான் ஊசியை எடுப்பேன். அன்று ஏழுக்குப் போட்டேன். எட்டாவது அசையாமல் தூங்கியது. 'கத்தவே இல்லை, இதற்கென்ன வலி?' என்று விட்டுவிட்டு, எட்டையும் தாயிடம் சேர்த்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

திரும்பி வந்தால் கூடப் படிக்கும் நசீமா கத்தினாள். "டேய், இத்த பாரு! மத்ததுக்கெல்லாம் குடிச்ச பால் வவுத்துத் தோல் வழியா வெள்ளையா தெரியுது. இதுக்கு ஒண்ணுமே இல்ல."

கால்நடை டாக்டர் மேடம் பதிவுத்தாளைப் பார்த்தார். "மருந்து குடுத்தும் பால் குடிக்கல. இனிமே வலியில விடக்கூடாது. முடிச்சிடலாம்."

அலமாரியைத் திறந்தார். உயிரை எடுக்கும் மருந்தை சிரிஞ்சில் ஏற்றினார். உண்மையைச் சொன்னால் என் ப்ராஜெக்ட் காலி.

"மேடம், நிறுத்துங்க! இதுக்கு நான் ஊசியே போடல. டிக் மட்டும்தான் அடிச்சேன்."

"இன்னாடா சொல்ற?" என்றாள் நசீமா.

மேடம் திட்டவில்லை. சிரிஞ்சை வைத்துவிட்டு வலி மருந்தைப் போட்டார். மறுபடி தாயிடம் விட்ட குட்டியின் வயிற்றில், ரொம்ப நேரம் கழித்து, வெள்ளையாக ஒரு கீற்று தெரிந்தது.

"சொல்லிட்டியேடா, அது போதும்" என்றாள் நசீமா.

ப்ராஜெக்ட் போனது, நியாயம்தான். ஆனால் மேடம் சிரிஞ்சை நிரப்பிய நேரம் முழுக்க, சும்மா இருந்தால் யாருக்கும் தெரியாது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதை நசீமாவிடம் இன்னும் சொல்லவில்லை.