பெட்டி பாடிச்சாம்

எனக்கு உக்காந்த எடத்துல சும்மா இருக்கத் தெரியாது. பஸ்ல போனா ஜன்னல் கம்பி, ஆஸ்பத்திரியில காத்துக்கினு இருந்தா நாற்காலிக் கை, கல்யாணப் பந்தியில இலை ஓரம், எங்கயாவது பத்து விரலும் ஓடிக்கினே இருக்கும். "கையை வச்சுக்கினு கம்முனு இருடி"ன்னு அம்மா இப்பவும் திட்டும். இந்தச் சனியன் புடிச்ச பழக்கம் எண்பதுகள்ல, சித்தூர்ல, ஒரு கருப்புப் பெட்டியால வந்தது.

குவைத்துல வேலை பாத்த மாமா லீவுல வந்தப்போ எல்லாருக்கும் சென்ட்டும் டார்ச் லைட்டும் குடுத்துட்டு, எனக்கு மட்டும் ஒரு சின்ன டிஜிட்டல் சிந்தசைசர் குடுத்தாரு. அங்க அதெல்லாம் விலை எறங்கிப் போயி, கடைக்குக் கடை அடுக்கி வச்சிருந்தாங்களாம். எங்க வீட்ல யாரு அந்தப் பேரைச் சொல்றது? பெட்டி. அவ்ளோதான் அதும் பேரு.

உள்ள ரெடிமேடா பியானோ, பிடில், புல்லாங்குழல்னு சில குரல் இருந்துச்சு. ரெண்டே நாள்ல அலுத்துப் போச்சு. அப்புறந்தான் சூட்சுமம் புரிஞ்சது. பெட்டிக்குள்ள நாலு அலை இருக்கு. ஒண்ணால இன்னொண்ண ஆட்டினா புதுசா ஒரு குரல் பொறக்கும். எவ்ளோ ஆட்டணும்னு நம்பர் போட்டுச் சொல்லணும். எனக்கு ஊர்வலத்துல வாசிக்கிற நாதஸ்வரம் வேணும். எங்க பக்கம் தெலுங்குல அத்த சன்னாயின்னுவாங்க. நம்பரை மாத்தி மாத்திப் போட்டேன். மொதல்ல கொசு வந்துச்சு. அப்புறம் வாத்து. காலேஜுல பாடம் நடந்துக்கினு இருக்கும், என் தலைக்குள்ள நம்பர் ஓடிக்கினு இருக்கும். சோறு துன்னப் புடிக்கல, ஒரு பக்கம் உக்காரப் புடிக்கல. ஒரு நாள் சாயங்காலம் அமுத்தினேன் பாருங்க, அடுப்படியில இருந்து அம்மா கேக்குது: "யாரு வீட்ல கல்யாணம்?"

எனக்கு அழுகையே வந்துருச்சு.

அப்போ திருப்பதியில ஒரு ஆர்கெஸ்ட்ராவுக்கு கீபோர்டு வாசிக்க ஆள் வேணும்னு கேள்விப்பட்டேன். இருந்த ஆளு மெட்ராஸுக்குப் போயிட்டானாம். ஞாயித்துக்கிழமை வந்து வாசிச்சுக் காட்டணும், அவங்கவங்க பெட்டிய அவங்கவங்களே கொண்டு வரணும். அதே ஞாயித்துக்கிழமை புத்தலப்பட்டுல இருந்து என்னைப் பொண்ணு பாக்க வர்றதா அம்மா பேசி வச்சிருந்துச்சு. "மேடையேறி பெட்டி தட்டுற பொண்ண எவன் கட்டுவான்?"னு அம்மா. "கட்டாட்டிப் போறான்"னு நான். நைனா, அதான் எங்கப்பா, ரெண்டு பேரையும் பாத்துக்கினு பல்லு குத்திக்கினு இருந்தாரு.

இந்தக் கூத்துக்கு நடுவுல, கரண்டு சர்ருனு ஏறி எறங்கினதுல பெட்டி செத்துப் போச்சு. லைட்டு எரியல, சத்தம் இல்ல, லேசா ஒரு தீஞ்ச நாத்தம். சித்தூர்ல ரேடியோக்காரரு மூடியைத் தெறந்து பாத்துட்டு, "உள்ள ஒயரே இல்லியேம்மா, எல்லாம் சிப்பு"ன்னு கையெடுத்துக் கும்பிட்டாரு. நைனா அத்தத் திருப்பதிக்குக் கொண்டு போயி, பஸ் ஸ்டாண்டாண்ட ஒரு டிவி மெக்கானிக்குகிட்ட குடுத்துட்டு வந்தாரு.

எனக்கு இருப்பே கொள்ளல. வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தேன். கடைசியில ஆத்திரத்துல சொல்லிட்டேன்: "பெட்டி ரெடியானா ஞாயித்துக்கிழமை திருப்பதி. ஆவலன்னா அந்தப் புத்தலப்பட்டுக்காரங்க வரட்டும். தலையாட்டிட்டுப் போறேன். எனக்கு இந்தப் பாட்டும் வாணாம் கூத்தும் வாணாம்." அம்மா சட்டுனு அத்தப் புடிச்சுக்கிச்சு. "சொன்ன பேச்சு மாறக் கூடாது"ன்னுச்சு.

நைனா மாங்கா மண்டியில தரகு. வீட்ல ஏது போனு? மண்டி போனுக்குத்தான் மெக்கானிக் பேசணும். சனிக்கிழமை மத்தியானம் நைனா துண்டை ஒதறிக்கினு வீட்டுக்குள்ள வந்தாரு.

"போன் வந்துச்சு. பெட்டி பாடிந்தி அன்னாரு. பாடிச்சாம் பாப்பா!"

நான் குதிச்ச குதியில சுவத்துல மாட்டின படமே ஆடுச்சு. அம்மா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கினு, புத்தலப்பட்டுக்கு வரவாணாம்னு சொல்லியனுப்புச்சு.

மறுநாள் மொத பஸ்ஸு. "கட்டிக்கினு வரக் கயிறு, துணி எடுத்தியா நைனா?"ன்னு கேட்டேன். "அங்க பாத்துக்கலாம் வா"ன்னாரு. வழியெல்லாம் ஜன்னல் கம்பியில வாசிச்சுக்கினே போனேன். பக்கத்துல இருந்த யாரோ ஒரு அம்மா எழுந்து வேற சீட்டுக்குப் போயிருச்சு, பாவம்.

மெக்கானிக் கடையில பெட்டி மூடி தெறந்து மல்லாந்து கெடந்துச்சு. அமுத்தினேன். ஒண்ணுமே இல்ல. "நேனு பாடைந்தனே செப்பானே!"ன்னு மெக்கானிக் பதர்றாரு. பாடைந்தின்னுதான் நான் சொன்னேன்னு. அதாவது கெட்டுப் போச்சு. பாடிந்தின்னா பாடிச்சு, பாடைந்தின்னா கெட்டுப் போச்சு. ஒரே ஒரு எழுத்து!

எனக்கு வந்த கோவத்துக்கு நடு ரோடுன்னு கூடப் பாக்கல. "மண்டியில அழுகின மாங்காவைப் பாத்து நாள் பூரா பாடைந்தி பாடைந்தின்னு கத்துறியே நைனா, உனக்கா இது தெரியாது? காதுல இன்னா அடைச்சிருந்துச்சு?"

"லைன்ல ஒரே கொர கொரன்னு இருந்துச்சு பாப்பா"ன்னாரு. "சரி, வந்தது வந்துட்டோம். ஆர்கெஸ்ட்ராக்காரங்களைப் பாத்துட்டாவது போலாம்."

"வெறுங்கையோட போயி இன்னாத்தைக் காட்டுறது?"

அவரு காதுலயே வாங்கல. முன்னாடி நடந்துக்கினே இருந்தாரு. நான் அழுதுக்கினே பின்னாடி ஓடினேன்.

ஒரு கல்யாண மண்டபத்து மாடியில ஒத்திகை. மாஸ்டர் என்னைப் பாத்ததும், "பாடடானிக்கி வச்சாவாம்மா?"ன்னாரு. பொம்பளப் புள்ளன்னா பாடத்தான் வந்திருப்பான்னு நெனப்பு. நான் பாட மாட்டேன், வாசிப்பேன்னேன். பெட்டி எங்கன்னாரு. பஸ் ஸ்டாண்டாண்ட செத்துக் கெடக்குன்னேன்.

ஓரத்துல அவங்க சொந்தப் பெட்டி, என்னுதைவிடப் பெருசு, பட்டுத்துணி போத்தி வச்சிருந்தாங்க. பழைய ஆளு போனதுல இருந்து மாஸ்டர் யாரையும் அதுமேல கை வைக்க விடலியாம். நைனா முன்னாடி போனாரு. மண்டித் தெலுங்குல போட்டாரு ஒரு போடு: ஒரு பழத்தை நறுக்கி வாயில வைக்காம யாராவது லோடு எடுப்பாங்களா? எம் பொண்ணை நறுக்கிப் பாரு, புளிச்சா தூக்கிப் போடு.

எல்லாரும் சிரிச்சிட்டாங்க. மாஸ்டரே துணியை எடுத்தாரு. "சன்னாயி வஸ்துந்தா?"ன்னாரு. பழைய ஆளுக்கே அதுல சன்னாயி வரலியாம்.

இதுல அலை நாலு இல்ல, ஆறு. ஆனா சூட்சுமம் அதேதான். ரெண்டு அலையை வாயடைச்சேன். மிச்சத்துக்கு என் நம்பரைப் போட்டேன். கொசு வந்துச்சு. மாஸ்டர் மூஞ்சி சுருங்கிச்சு. திரும்பப் போட்டேன். வாத்து. பின்னாடி எவனோ கிளுக்குனு சிரிச்சான். நைனா மட்டும் சிரிக்கல. இன்னும் ஒரு நம்பர். அமுத்தினேன்.

கீழ பந்திக்கு இலை போட்டுக்கினு இருந்தவரு மாடிப்படி ஏறி வந்து, "மேளக்காரங்க வந்துட்டாங்களா?"ன்னு கேட்டாரு.

அதுக்கப்புறம் வருஷக் கணக்கா அந்த ஆர்கெஸ்ட்ராதான். சந்திரகிரி, புத்தூர், நகரின்னு நான் வாசிக்காத கல்யாணம் இல்ல. எனக்கும் கல்யாணம் ஆச்சு, பெட்டியோட சேத்துக் கட்டிக்கினு போனவரோட. நைனா பாடு மட்டும் திண்டாட்டம். எங்க வீட்ல எது ரிப்பேரானாலும், "நைனா, ஃபேன் பாடிச்சா? பம்பு செட்டு பாடிச்சா?"ன்னு நக்கல்தான். தெலுங்கு தெரியாத தரகருன்னு மண்டி வரைக்கும் பேரு போயிருச்சு. அவரும் கூடவே சிரிச்சுக்குவாரு.

போன மாசம் அம்மா வீட்ல மிக்ஸி நின்னு போச்சு. எம் பையன் ஆரம்பிச்சான்: "தாத்தா, மிக்ஸி பாடிச்சா?" அம்மா கையில இருந்த கரண்டிய டங்குனு வச்சுச்சு.

"போதும் நிறுத்துங்க! அவருக்கு அன்னிக்கு நல்லாத்தான் கேட்டுச்சு. கெட்டுப் போச்சுன்னுதான் கேட்டுச்சு. எனக்கே அப்புறந்தான் தெரியும். உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு என் வாயைக் கட்டிப் போட்டாரு."

கயிறு எடுக்காம வந்தது, காதுல வாங்காம முன்னாடி நடந்தது, எல்லாம் ஒண்ணா வந்து நிக்குது. இத்தனை வருஷமா நான் பண்ண நக்கலுக்கெல்லாம் சிரிச்சாரே இந்த மனுஷன்! கோவமும் அழுகையுமா அவரு எதுர்ல போயி நின்னேன். சாப்பிட்டுக்கினு இருந்தாரு.

"நைனா, அன்னிக்குப் போன்ல பாடைந்தின்னுதானே சொன்னாங்க?"

காது மெஷினை ஒரு வாட்டி அமுத்தி விட்டுக்கினு என்னை நிமுந்து பாத்தாரு.

"பெட்டி பாடிச்சா இல்லியா, அத்தச் சொல்லு."

"பாடிச்சு நைனா."

"அப்புறம் இன்னா?"ன்னுட்டு, மோரை ஊத்திச் சோத்தைப் பிசைய ஆரம்பிச்சிட்டாரு.